கல்யாண மண்டபத்தில் கன்னிப்பூ நெல்

திட்டிக் கடிதம் வந்தால் பதில் போடுவார்கள். நான் ரயில் டிக்கெட் போட்டேன்.

2014ஆம் வருஷம் அது. ஒரு மாத இதழில் சோற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வயலில் நிற்பது நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு என்று நமக்கு மூன்று சொல் இருப்பதுபோல இந்தோனேசியாவில் பாடி, பெராஸ், நாசி என்று மூன்று இருக்கிறது. ஜப்பானியருக்கு இனே, கோமே, கோஹான். பாவம் ஆங்கிலேயர், மூன்றுக்கும் ரைஸ் ஒன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள் என்றெல்லாம். பல வருஷமாக ஒரு நோட்டில் சேர்த்து வைத்த சொற்கள். கட்டுரை வந்த மூன்றாம் வாரம் பூதப்பாண்டியிலிருந்து ஓர் இன்லண்ட் கடிதம். எழுதியவர் லீலாபாய், சொந்த வயலில் விவசாயம் செய்கிறவர்.

‘ஜப்பான்காரன் சோத்துக்கு என்ன சொல்லுவாண்ணு எழுதியிருக்கிய. நாஞ்சில் நாட்டுக்காரி என்ன சொல்லுவாண்ணு ஒரு வார்த்தை கேட்டியளா? புரட்டாசி கடைசியில எங்க வயல்ல கன்னிப்பூ அறுப்பு. வந்து நாலு நாள் இருங்க. அதுக்குப் பொறவு கட்டுரையைத் திருத்தி எழுதுங்க.’

இப்படி ஒரு அழைப்பு வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

எழும்பூரிலிருந்து மாலை ஐந்தேகால் மணிக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். தூங்கும் வகுப்பு டிக்கெட் நானூறு ரூபாய் சொச்சம். எதிர் இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கடியப்பட்டணத்து மிக்கேல். துபாயிலிருந்து சென்னையில் இறங்கி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். கப்பலில் சமையல்காரர் என்று சொன்னதும் நோட்டை எடுத்துவிட்டேன்.

“எங்க கப்பல்ல பாதிப் பேரு பிலிப்பைன்ஸ்காரனுவோ” என்றார். “சோத்துக்கு ‘கானின்’னும்பான். அரிசிக்கு பிகாஸ். நேத்தைக்கு வடிச்ச சோறு மிஞ்சிப்போச்சுன்னு வையுங்க, அதுக்குத் தனியா ஒரு பேரு, பாஹாவ்.”

“நம் பழைய சோறு!”

“எங்க ஊர்ல பழஞ்சி. காலையில அவனுவ பாஹாவை வெள்ளைப்பூண்டு போட்டு வறுப்பான். நான் தண்ணி ஊத்தி மொளகாய் கடிப்பேன். ஒருத்தனை ஒருத்தன் பாத்து, ஐயோ பாவம்ணு நெனைப்போம்.” சிரித்துவிட்டு, “சட்டியில அடியில காந்திப் போவுதுல்லா, அதுக்கும் பேரு வச்சிருக்கான். துதோங். அதுக்கு அடிபிடியே நடக்கும்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அடியில் காந்தியதை ஈரானில் தஹ்திக் என்று விருந்தாளிக்கு முதலில் வைப்பார்கள், கொரியாவில் நுருங்ஜி, ஜப்பானில் ஒகோகே. நம் ஊரில் காந்தல் என்று ஒரு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போது திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். மிக்கேல் விழுப்புரம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

விடிந்தபோது வள்ளியூர் தாண்டியிருந்தோம். வறண்ட செம்மண், உடைமரம், காற்றாலைகள். ஆரல்வாய்மொழியில் மலைக்கு நடுவே ரயில் நுழைந்தது. அதற்கப்புறம் யாரோ துணியை மாற்றிப் போட்டதுபோல எல்லாம் பச்சையாகிவிட்டது. தென்னை, வாழை, குளம், குளத்துக்குக் கீழே வயல். சில வயல்கள் பழுத்து மஞ்சளாய்க் கிடந்தன. மிக்கேல் மட்டும் வெளியே பார்த்துவிட்டு, “மலைமேல கறுத்திருக்கு. இன்னைக்குக் கடலுக்குப் போனவனெல்லாம் சீக்கிரம் வந்திருவான்” என்றார்.

காலை 6.10. நாகர்கோவில் ஸ்டேஷனில் லீலாபாயின் கணவர் தாணு ஒரு மினி லாரியோடு காத்திருந்தார். என் பையை வாங்கிப் பின்னால் வைத்தார். பேசவில்லை. புத்தேரி, இறச்சகுளம் வழியாகப் பத்து கிலோமீட்டர். எட்டு ரூபாய்க்கு ஒரு டீ வாங்கித் தந்தபோதும் பேசவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

“அறுப்பு எப்போது ஆரம்பம்?”

“எட்டு மணிக்கு மெஷின் வரும்.” தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். “வரணும்.”

தாடகை மலையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. வீட்டு வாசலில் லீலாபாய் நின்றார். நாற்பத்தெட்டு வயது, உயரம், முழங்கைவரை மடித்துவிட்ட கணவரின் பழைய சட்டை புடவைக்கு மேல். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, “நோட்டு கொண்டாந்தியளா?”

குளித்து வருவதற்குள் பழஞ்சி வந்துவிட்டது. சிவப்பரிசிச் சோறு, ஒவ்வொரு பருக்கையும் சுண்டுவிரல் நகம் மாதிரி. புளித்த தண்ணீர், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு, காந்தாரி மிளகாய். நான் மன்னார்குடிக்காரி. பொன்னியைத் தவிர வேறெதையும் அரிசி என்று ஒப்புக்கொள்ளாத வீட்டில் வளர்ந்தவள். இரண்டாவது கிண்ணம் நானே கேட்டு வாங்கினேன்.

“இங்க ஒரு வெள்ளாமைக்குப் பேரு பூ” என்று லீலாபாய் பாடம் ஆரம்பித்தார். “கன்னி மாசம், அதான் புரட்டாசியில, அறுக்கது கன்னிப்பூ. கும்ப மாசம், அதான் மாசியில, அறுக்கது கும்பப்பூ. இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. எழுதியாச்சா? நெல்லுண்ணா வெறும் நெல்லுண்ணு சொல்லப்பிடாது, எந்தப் பூவு நெல்லுண்ணு கேக்கணும்.”

பயிரைப் பூ என்று சொல்லும் ஊர்! நோட்டில் அடிக்கோடு இரண்டு போட்டேன். வங்காளத்தில் பருவத்துக்கு ஒரு பேர் உண்டு, ஆவுஷ், ஆமன், போரோ என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். கொல்கத்தாவில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். நோட்டின் முதல் பக்கங்கள் அங்கே எழுதியவைதான்.

8.40. மெஷின் வரவில்லை. தாணுவின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு மனைவியிடம், “திட்டுவிளைப் பக்கம் சேத்துல எறங்கிப் போச்சாம். நாளைக்கு மத்தியானம், உச்சைக்குத்தான்” என்றார்.

லீலாபாய் கையிலிருந்த சொம்பை அப்படியே தரையில் வைத்தார். “நாளைக்கு உச்சைக்கு நெல்லு இருக்காது.”

மூவரும் வயலுக்கு நடந்தோம். ஒன்றரை ஏக்கர். முன்தினக் காற்றில் பாதி சாய்ந்து கிடந்தது. கதிர் மண்ணைத் தொட இன்னும் ஒரு சாண்தான். மேலே தண்ணீர் நின்றால் கதிரிலேயே முளை விட்டுவிடும். பிறகு அது நெல்லும் இல்லை, விதையும் இல்லை. போன கும்பப்பூவுக்குக் குளத்துத் தண்ணீர் இவர்கள் வயல்வரை வரவில்லை, காய்ந்துபோயிற்று. இதையெல்லாம் லீலாபாய் வரப்பில் நடந்தபடியே சொன்னார். வயலின் கீழ்க்கரையில் சாலையை ஒட்டி, தூண்களும் கூரையும் முடிந்து சுவர் எழும்பாத ஒரு பெரிய கட்டடம் நின்றது.

“அது என்ன?”

“என் கொழுந்தன் கெட்டுக கல்யாண மண்டபம். இவுக தம்பி ராஜன். மண்டபத்துக்குக் கார் நிறுத்த எடம் வேணுமாம். இந்த வயலை மண்ணு போட்டு நெரப்பித் தாங்கன்னு ஆறு மாசமா கேக்கான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பாத்தியப்பட்ட வயலு. ‘ரெண்டு பூவும் போச்சுன்னா வயலை வச்சு என்னத்துக்கு மைனி’ன்னு போன வாரம் வந்து கேட்டுட்டுப் போனான்.” சாய்ந்த கதிர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “ஒரு பூ போயாச்சு.”

அறுக்க ஆள் கிடைக்காதா என்றேன். நெல் அறுக்கிற ராசம்மாளையும் கூட நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறேன், அதற்கு மேல் இந்த ஊரில் அரிவாள் எடுக்க ஆளில்லை, எல்லோரும் கடைக்கும் அண்டி ஆபீசுக்கும் போய்விட்டார்கள் என்றார். அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப்பருப்புத் தொழிற்சாலை.

மண்டபத்தின் நிழலில் பதினைந்து பேர்போல உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். “அவர்கள்?”

“வடக்கத்திப் பயலுவோ. மழை வரும்ணு கான்கிரீட்டை நிறுத்தி இன்னைக்கும் நாளைக்கும் லீவு விட்டாச்சு. அவனுவளுக்கு நம்ம பாஷை ஒரு எழுத்து தெரியாது. போன வாரம் ஒருத்தன் சட்டியைத் தூக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கான். ‘ஃபேன், ஃபேன்’ங்கான். பாவம் புழுக்கத்துல கெடக்கானேன்னு எங்க டேபிள் ஃபேனை எடுத்துக் குடுத்தேன். அவன் ஃபேனைப் பாக்கான், என்னைப் பாக்கான், சட்டியைப் பாக்கான். அப்படியே திரும்பிப் போயிட்டான். வேணுமாண்ணா வேணாமாண்ணா, ஒண்ணும் புரியல்ல.”

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். சிரிப்பு அடக்க முடியவில்லை. “லீலா, அவர் வங்காளி! வங்காளத்தில் ஃபேன் என்றால் சோறு வடித்த கஞ்சித்தண்ணீர்!”

“கஞ்சி வெள்ளமா?” லீலாபாய் தலையில் கை வைத்தார். “அட மக்கா! தெனம் மாட்டுக்கு ஊத்துகேனே! ஒரு வாளி குடுத்திருப்பேனே!”

கஞ்சித்தண்ணீருக்குச் சட்டி தூக்குகிறவன் நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவன். இந்த எண்ணம் வந்த வேகத்தில் நான் வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் கால் வைத்து, ஒரு செருப்பை அங்கேயே விட்டு, மறு செருப்போடு மண்டபத்துக்கு ஓடினேன்.

வங்காளியில் பேச்சை ஆரம்பித்ததும் சீட்டுக்கட்டு கீழே விழுந்தது. “தீதி!” என்று எழுந்து நின்றார்கள். அக்கா என்று அர்த்தம். அவர்களில் மூத்தவர் பெயர் நிமாய். முப்பத்தைந்து வயது இருக்கும். சுந்தரவனத்துப் பக்கம், கோசாபா. மற்றவர்களும் அந்தச் சுற்று வட்டாரம்தான். பதினாலு பேர்.

“நெல் அறுக்கத் தெரியுமா?” என்று கேட்டேன்.

நிமாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீந்தத் தெரியுமா என்று மீனைக் கேட்டதுபோல. “தீதி, நாங்கள் இங்கே செங்கல் தூக்குகிறோம். ஊரில் நாங்கள் விவசாயிகள். எட்டு மாதமாக அந்த வயலைப் பார்த்துக்கொண்டே கலவை போடுகிறோம். நட்டதிலிருந்து தெரியும். முந்தா நாளே அறுத்திருக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். யாரிடம் சொல்வது?”

அந்த ‘யாரிடம் சொல்வது’ என்னை என்னவோ செய்தது. திரும்பி, பின்னாலேயே வந்துவிட்ட லீலாபாயிடம் சொன்னேன். அவர் அந்தப் பதினாலு பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, “நம்ம ஊர் ஆளுக்கு என்ன கூலியோ அதே கூலி. மதியம் சோறு. சம்மதமாண்ணு கேளுங்க” என்றார்.

கேட்பதற்கு முன்பே அவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

9.30. அடுத்த சிக்கல் அரிவாள். தாணு மினி லாரியை எடுத்துக்கொண்டு போய் அரை மணியில் எங்கெங்கோ வாங்கிப் பதினெட்டு கருக்கரிவாள் கொண்டுவந்தார், பாதி துரு. நிமாய் ஒன்றை எடுத்து அதன் பல்லில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, “காஸ்தே” என்றார். எங்கள் ஊரிலும் இதே பல், பிடிதான் வேறு என்றார். லாரிக்காரரின் பெயர் தாணு என்று கேட்டதும் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். வங்காளியில் ‘தான்’ என்றால் நெல். அன்று முழுக்க அவரைத் ‘தான்தா’ என்றே கூப்பிட்டார்கள். நெல் அண்ணன்! நான் விளக்கிச் சொன்னபோது தாணு முதல் முறையாகச் சிரித்தார்.

ராசம்மாளுக்கு மட்டும் திருப்தியில்லை. அறுபதைத் தொடும் வயது, இடுப்பில் வெற்றிலைப் பை. “கொத்தனாருக்குக் கல்லு எடுத்துக் குடுக்கவன் நெல்லறுப்பானா? கதிரை உருவிப் போட்டுருவானுவோ” என்றார். மேற்கே அவர்கள் ஐந்து பேர், கிழக்கே இவர்கள் பதினாலு பேர் என்று இறங்கினார்கள்.

நான் வரப்பில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பிடியளவு சேர்த்துப் பிடிப்பது, தாளை அறுப்பது, பின்னால் வைப்பது: இதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? சாய்ந்த பயிரை எந்தப் பக்கமிருந்து அறுப்பது என்று நிமாய் ஒரு நிமிஷம் யோசித்தார். கதிர் விழுந்த திசைக்கு எதிரே போய் நின்றார். ராசம்மாள் நிமிர்ந்து அதைக் கவனித்தார். பத்தரை மணிக்கு, “ஏட்டி, இவன் அறுக்கவன்தாண்டி” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு வரிசையும் ஒரே வரிசையாகிவிட்டது.

சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. நானும் ஓர் அரிவாள் வாங்கினேன். காவிரிப் படுகையில் பிறந்து, அரிசிச் சொற்களை நோட்டு நோட்டாக எழுதியவள், ஐம்பத்து மூன்று வயதில் அன்றுதான் நெற்தாளில் அரிவாளை வைக்கிறேன். நாலாவது பிடியில் இடதுகைச் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டேன். ராசம்மாள் வெற்றிலையைக் கிழித்துச் சுற்றிவிட்டு, “நீங்க எழுதுங்க. நாங்க அறுக்கோம்” என்றார். அதற்குப் பிறகு கட்டுத் தூக்குகிற வேலைக்கு மாறினேன்.

மதியம் 1.15. வரப்பிலேயே சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, பயறு, நெத்திலிக் குழம்பு. தூக்குவாளி நிறைய உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். லீலாபாய் அதை நிமாய் முன் வைத்து, “ஃபேன்” என்றார். அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள். சட்டி தூக்கி வந்த ஆள் யார் என்று அப்போதுதான் தெரிந்தது; வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தார். முந்திய நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் வங்காளத்தில் பாந்தா பாத். இங்கே பழஞ்சி. அவல் அங்கே சிடே, நெற்பொரி கோய். ராசம்மாள் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்து, “நல்லா இருக்கு, ஆனா வாயில நிக்கல்ல” என்றார்.

இரண்டு மணிக்குக் காற்று நின்றுவிட்டது. மலை முழுசாக மறைந்தது. முக்கால்வாசி அறுத்தாயிற்று. ஆனால் கட்டுகள் வயலிலேயே கிடக்கின்றன. வீட்டுக் களம் கால் மைல் தள்ளி, இருக்கும் தார்ப்பாய் ஒன்றே ஒன்று. லீலாபாய் கட்டுகளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிமாய் என் பக்கத்தில் வந்தார்.

“தீதி, அவ்வளவு பெரிய கூரை சும்மா இருக்கிறதே.”

மண்டபத்தைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜனின் மண்டபம். வயலை நிரப்பக் காத்திருக்கிறவரின் மண்டபம். லீலாபாயிடம் சொன்னேன். அவர் மூன்று தடவை கொழுந்தனுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. தாணுவைப் பார்த்தார். தாணு குனிந்து இரண்டு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தார்.

அப்புறம் நடந்ததை எறும்புகள் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருக்கும். அறுக்கிறவர் அறுக்க, கட்டுகிறவர் கட்ட, மீதிப் பேர் ஓட்டம். வயலுக்கும் மண்டபத்துக்கும் நூறு மீட்டர். நான் எத்தனை தடவை ஓடினேன் என்று தெரியாது. கழுத்தெல்லாம் சுணை. மூணேமுக்காலுக்கு முதல் துளி என் மூக்கில் விழுந்தது, கோலிக்குண்டு அளவு. “மக்கா, ஓடுங்க!” என்று ராசம்மாள் கத்தினார். “தீதி, ஜோல்தி!” என்று இவர்கள் கத்தினார்கள். சீக்கிரம் என்று அர்த்தம். அன்று வயலில் எல்லோருக்கும் அது தானாகப் புரிந்தது.

4.20. மழை சரம் சரமாக இறங்கியபோது ஒரு வெள்ளைக் கார் மண்டபத்து முன் நின்றது. குடையோடு இறங்கியவர் ராஜன். வெள்ளை வேட்டி, தங்கச் செயின். உள்ளே வந்து தூணுக்குத் தூண் அடுக்கியிருந்த நெற்கட்டுகளைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு உள்ள ஏத்துனிய?”

லீலாபாய் தலை சொட்டச் சொட்ட முன்னால் வந்தார். “நான்தான் ஏத்தச் சொன்னேன். மூணு மட்டம் போன் அடிச்சேன். நீ எடுக்கல்ல.”

“மைனி, தரை போட்டு ஒரு வாரம்தான் ஆச்சு. இவனுவ என் சைட்டு ஆளு. இப்ப எல்லாத்தையும் எடுத்து...”

“ஏலே ராஜா.”

தாணுவின் குரல். நாள் முழுக்க அந்தக் குரலை நாலைந்து தடவைதான் கேட்டிருந்தேன். தலைச்சுமையை இறக்காமலே நின்றார். “நீ காலேஜுக்குப் போனதும், நான் போவாம நின்னதும் இந்த வயலாலதான். நனையட்டும்ணு சொல்லு. இப்பமே வெளிய தூக்கிப் போடுகேன்.”

பதினாலு வங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒருவரும் அசையவில்லை. லீலாபாய் கணவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜன் குடையை மடக்கினார். குனிந்து அடிக்கட்டு ஒன்றை விலக்கிக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“தரை ஈரம் கக்குது” என்றார். “இதுக்கு மேல வச்சா விடியுமுன்ன முளைச்சிரும். அந்த சென்ட்ரிங் பலகையைக் கீழ போட்டு, அதுக்கு மேல அடுக்கணும்.” திரும்பி நிமாயைப் பார்த்து, “ஏ பாய்! லக்டி, லக்டி!” என்று கை காட்டினார். அவர் இந்தி எனக்கே புரியவில்லை. நான் வங்காளியில் சொன்னேன். நாலு பேர் பலகைக்கு ஓடினார்கள். கடைசிப் பலகைக்கு ஒரு முனையில் ஆள் இல்லை. ராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த முனையைப் பிடித்தார்.

ஒன்றரை ஏக்கரில் ஒன்றேகால் கூரைக்குள் வந்து சேர்ந்தது. கால் ஏக்கர் மழையில் போயிற்று. மறுநாள் காலையில் அதைப் பார்க்கப் போனேன். கதிர்மேல் தண்ணீர் நின்றது. அதற்கு அடுத்த நாள் வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்தது. லீலாபாய், “மாடு தின்னட்டும்” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. மண்டபத்து முன்னாலேயே கதிரடிக்கும் மெஷின் வந்து நின்றது. ராஜனும் வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். போகும்போது, “கும்பப்பூ கழியட்டும் மைனி. அதுவரைக்கும் பார்க்கிங் பேச்சு பேசல்ல” என்றார்.

அவர் கார் போனதும் லீலாபாய் என் காதில், “அதுக்குப் பொறவு கன்னிப்பூ கழியட்டும்பேன்” என்றார்.

நாலாம் நாள் காலை கிளம்பினேன். தாணுவின் வண்டியில் ஐந்து கிலோ சிவப்பரிசியும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் ஏறியிருந்தன. மன்னார்குடியில் எங்களுக்கும் நிலம் உண்டு. குத்தகைக்கு விட்டு முப்பது வருஷம். அறுப்பு எப்போது என்றுகூட எனக்குத் தெரியாது. சென்னையில் எங்கள் மடிப்பாக்கம் அடுக்குமாடியில் இருபத்தைந்து கிலோப் பை லிப்டில் ஏறி வரும். பையில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர அந்த அரிசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பூவு நெல் என்று யாராவது கேட்டால் முழிப்பேன். இத்தனைக்கும் சோற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவள்! சுண்டுவிரல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொள்வதற்காக மண்டபத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கான்கிரீட் வேலை மறுபடி ஆரம்பித்திருந்தது. காலைச் சாப்பாட்டு நேரம். லீலாபாய் கொடுத்தனுப்பிய பழஞ்சியை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிமாய் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து தன் போனை நீட்டினார்.

“தீதி, என் மனைவி கமலா. நான் இங்கே நெல் அறுத்தேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். சிமென்ட் வேலைக்குப் போனவன் கதை விடுகிறான் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.”

சொன்னேன். மழை, மண்டபம், பலகை எல்லாம். மறுமுனையில் கோழிச் சத்தமும் படகு மோட்டார் சத்தமும் கேட்டன. கமலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாத்துக்கு அங்கே என்ன பேர், தீதி?” என்றாள். பாத் என்றால் அவர்கள் பாஷையில் சோறு.

“சோறு.”

“ஷோரு?” என்றாள். வங்காளி நாக்கில் நம் ‘சோ’ ‘ஷோ’ ஆகிவிடும். பிறகு ஒரு பெரிய சிரிப்பு. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வங்காளியில் ஷோரு என்றால் மெல்லியது, சன்னமானது. பணக்காரர்கள் சாப்பிடும் சன்ன அரிசிக்கு ஷோரு சால் என்பார்கள். பதினோரு வருஷம் கொல்கத்தாவில் கடை கடையாய் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் இது என் மண்டையில் ஏறவில்லை.

“அங்கே அரிசி எங்கள் ஊரைவிடத் தடி என்று இவர் சொன்னாரே! தடிச் சோற்றுக்கு ஷோரு என்று பேர் வைத்தீர்களா?”

“ஆமாம், அப்படித்தான் வைத்திருக்கிறோம்!” என்றேன். நிமாய்க்குச் சொன்னேன். அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். மண்டபமே சிரித்தது. தாணு என்னவென்று கேட்டார், அவருக்கும் சொன்னேன்.

கமலா சிரித்து ஓய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “தீதி, பொய் சொல்லக் கூடாது. வயிறு நிறைய சாப்பிடுகிறாரா?”

நான் திரும்பிப் பார்த்தேன். நிமாய் இதற்குள் திரும்பிப் போய் உட்கார்ந்து, காந்தாரி மிளகாய் ஒன்றைக் கடித்துக்கொண்டு, கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

“மூன்றாவது தடவை வாங்குகிறார்” என்றேன்.